ராத்திரி முழுக்க ஓடும் ஃப்ளஷ் டேங்க்: பிளம்பரைக் கூப்பிடும் முன்னாடி இதைப் பாருங்க

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு உங்க வீட்டு பாத்ரூமுக்குள்ள போய் ஒரு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. யாரும் ஃப்ளஷ் பண்ணவில்லை. ஆனாலும் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கிறதா? சத்தமே இல்லாவிட்டாலும், வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையின் பின்பக்கச் சுவரில் ஓரிடம் மட்டும் காயாமல் மினுமினுக்கிறதா? அப்படி என்றால் உங்கள் ஃப்ளஷ் டேங்க் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது எத்தனை நாள் ஓடியது என்று எங்களுக்கே தெரியாது. நாங்கள் குடியிருப்பது நான்கு போர்ஷன் வீடு. நான்குக்கும் சேர்த்து மொட்டை மாடியில் ஒரே ஒரு 1,000 லிட்டர் டேங்க். காலையில் மோட்டார் போட்டால் சாயங்காலம் வரை வந்துகொண்டிருந்த தண்ணீர், திடீரென்று மத்தியானம் மூணு மணிக்கே தீர்ந்துபோக ஆரம்பித்தது. கீழ் போர்ஷன் பாட்டி நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, உங்க வீட்ல தினமும் துணி துவைக்கிறீங்களா?" இல்லை என்று சொன்னோம். பாட்டி நம்பவில்லை. பக்கத்து போர்ஷன்காரர் மீது எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, வெளியில் சொல்லவில்லை. ஒரு வாரம் நாலு வீடும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முறைத்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் திருடன் எங்கள் பாத்ரூமில்தான் இருந்தான்.

சொட்டு நீலம் சொல்லும் உண்மை

கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் வீட்டில் இருக்கும். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரில் ஏழெட்டு சொட்டு விடுங்க. அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்தி வைத்துவிடுங்க. அரை மணி கழித்துக் கோப்பையைப் பாருங்க. அங்கே தண்ணீர் வெள்ளையாகவே இருந்தால் நிம்மதி. லேசாக நீலம் தட்டினால்கூட டேங்க் ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பத்தே நிமிஷத்தில் நீலக் கோடு இறங்கியது.

சிலர் டேங்குக்குள் நீல நிற மாத்திரை போட்டு வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, தண்ணீர் ஏற்கெனவே நீலம்தானே. கோப்பையின் பின்சுவரைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அதில் ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒட்டி வையுங்க. கொஞ்ச நேரத்தில் அது நனைந்து சுருண்டால் விஷயம் தெரிந்துவிடும். அந்த மாத்திரை பற்றி இன்னொன்று: குளோரின் கலந்த வகை என்றால், டேங்குக்குள் இருக்கும் ரப்பர் வாஷரை அது சீக்கிரமே கெடுத்துவிடும். வாசனைக்காகப் போட்டதே ஒழுகலுக்குக் காரணமாகிவிடுகிறது.

எவ்வளவு ஒழுகுகிறது என்றும் அளந்துவிடலாம். டேங்குக்குத் தண்ணீர் வரும் பைப்பில், சுவரை ஒட்டி ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஆங்கிள் காக் என்பார்கள். அதை மூடுங்க. டேங்கின் உட்சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்க. ஐந்து நிமிஷம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்க. எங்கள் டேங்க் உள்ளளவு 45 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 675 மில்லி. ஐந்து நிமிஷத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியது. அதாவது ஒரு லிட்டர்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் என்று கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு நாளில் 288 ஐந்து நிமிஷங்கள் இருக்கின்றன. 288 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்கள் போடுகிறார்கள். கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு 55 லிட்டர். ஆக, நகரத்தில் இரண்டு பேர், கிராமத்தில் ஐந்து பேர் பயன்படுத்த வேண்டிய தண்ணீரை எங்கள் டாய்லெட் யாருக்கும் உபயோகமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. மாதக் கணக்குப் பார்த்தால் 8,640 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி.

2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கும். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் வீட்டு டாய்லெட் மாதிரி 8,700 டாய்லெட் ஒழுகினால் தினமும் ஒரு ரயில் தண்ணீர் போய்விடும். இவ்வளவு பெரிய ஊரில் 8,700 ஒரு பெரிய எண்ணிக்கையா என்று நீங்களே யோசித்துப் பாருங்க.

போர் தண்ணீர்தானே, கரண்ட் பில்லில் கூட வித்தியாசம் தெரியவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உண்மைதான், மோட்டார் கூடுதலாக ஓடுவது பில்லில் பளிச்சென்று தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் நேராக செப்டிக் டேங்குக்குத்தான். செப்டிக் டேங்கில் கழிவு அடியில் படியக் கொஞ்ச நேரம் தேவை. நாள் முழுக்க நல்ல தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தால், சரியாகப் படியாத கழிவும் சேர்ந்து உறிஞ்சுகுழிக்குத் தள்ளப்படும். உறிஞ்சுகுழி அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் டாய்லெட்டில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து நிற்கும். லாரி வைத்து எடுத்தாலும் சில நாளில் மறுபடி அதே கதை. அந்த அவசரத்தில்தான் யாரையாவது உள்ளே இறக்கிவிடலாமா என்ற யோசனை சிலருக்கு வருகிறது. சட்டம் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். உங்கள் உள்ளாட்சியில் உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேணாம். லாரியைக் கூப்பிடும் முன்னாடி ஃப்ளஷ் டேங்கில் நீலம் விட்டுப் பார்ப்பது நல்லது.

மேலேயா, கீழேயா?

ஃப்ளஷ் டேங்கைத் திறக்கவே பலருக்கு அருவருப்பு. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: டேங்குக்குள் இருப்பது பெரும்பாலான வீடுகளில் வாஷ்பேசின் குழாயில் வருகிற அதே தண்ணீர்தான். கழிவு அந்தப் பக்கமே வராது. தைரியமாகக் கை விடலாம்.

பீங்கான் மூடியாக இருந்தால் இரண்டு கையாலும் தூக்கி, தரையில் பழைய துணி விரித்து அதன் மேல் வையுங்க. வாஷ்பேசின் மேலே சாய்த்து வைத்து, அது வழுக்கி, இரண்டும் உடைந்தால் செலவு எங்கேயோ போய்விடும். மேலே பட்டன் வைத்த மாடல் என்றால், பெரும்பாலும் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி எடுத்த பிறகுதான் மூடி வரும். சுவருக்குள்ளேயே டேங்க் புதைத்த மாடல் வைத்திருப்பவர்கள் நீலச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு பிளம்பரைக் கூப்பிடுங்க. அதில் கை வைப்பது முதல் முறைக்குச் சரிப்படாது.

உள்ளே பார்த்தால் நிறைய பிளாஸ்டிக் தெரியும், பயப்பட வேணாம். இரண்டே வேலை நடக்கிறது. ஒரு பக்கம் தண்ணீரை உள்ளே விடும் பால் காக். ஒரு பந்தோ, கிண்ணம் மாதிரி ஒரு மிதவையோ அதில் இருக்கும். தண்ணீர் ஏற ஏற அது மேலே வந்து, ஓரளவு வந்ததும் குழாயை அடைத்துவிடும். நடுவில் நிற்பது ஃப்ளஷ் வால்வு. நாம் பட்டனை அமுக்கும்போது அது தூக்கிக்கொண்டு, கீழே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீரைக் கோப்பைக்கு விடும். அந்த ஓட்டையை மூடி உட்கார்ந்திருப்பது ஒரு ரப்பர் வாஷர். இந்த ஃப்ளஷ் வால்வின் நடுவிலோ பக்கத்திலோ மேலே வாய் திறந்த ஒரு குழாய் இருக்கும். அதுதான் ஓவர்ஃப்ளோ. டேங்க் நிரம்பி வழிந்து பாத்ரூமை நனைக்காமல், மிச்சத் தண்ணீரைக் கோப்பைக்குள் அனுப்பிவிடும்.

இப்போ ஒரே ஒரு கேள்விதான். தண்ணீர் அந்த ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வரை ஏறி உள்ளே வழிகிறதா? வழிந்தால் கோளாறு பால் காக்கில். தண்ணீர் அந்த வாய்க்குக் கீழேயே நிற்கிறது, ஆனாலும் கோப்பையில் ஒழுகுகிறது என்றால் கோளாறு அடியில் உள்ள வாஷரில். பென்சில் கோடும் இதையேதான் சொல்லும். ஆங்கிள் காக்கை மூடியும் தண்ணீர் அந்த வாய்க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வாஷர்.

இதைப் பார்க்காமல் கடைக்குப் போனால் தேவையில்லாத சாமானை வாங்கி வருவீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் மூடியைக்கூடத் திறக்காமல், "செட்டே மாத்திடணும்மா" என்றார். கெட்டது ஒரு வாஷர் மட்டும்தான்.

பால் காக் கோளாறு என்றால்

மிதவையைக் கையால் மெல்ல மேலே தூக்குங்க. தண்ணீர் வருவது நின்றுவிட்டதா? அப்போ பால் காக் நன்றாகத்தான் இருக்கிறது, மிதவைதான் உயரமாக நிற்கிறது. கம்பி வைத்த பழைய மாடலில், கம்பியை லேசாகக் கீழே வளைத்தால் போதும். பிளாஸ்டிக் மாடலில் ஒரு திருகு இருக்கும். எந்தப் பக்கம் திருகினால் மிதவை கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்க. ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணி, மறுபடி நிரம்பும் வரை பாருங்க. ஓவர்ஃப்ளோ வாய்க்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நின்றால் சரி.

பந்து தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்தால் அதைக் கழற்றிக் காதருகில் ஆட்டிப் பாருங்க. உள்ளே தண்ணீர் தளும்பினால் பந்து ஓட்டை. புதுப் பந்துதான் வழி.

தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லையா? பால் காக்குக்குள் மணலோ உப்போ மாட்டியிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள சின்ன வாஷர் தேய்ந்திருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் இது சகஜம். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, பால் காக்கின் தலைப்பகுதியைத் திருகிக் கழற்றி, வாஷரை எடுத்துக் கழுவுங்க. வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் முழு பால் காக்கையும் மாற்றிவிடுவது மேல்.

பக்கவாட்டில் கைப்பிடி வைத்த பழைய பிளாஸ்டிக் டேங்குகளில் நான் சொல்கிற அடி வாஷர் இருக்காது, அமைப்பே வேறு. அவற்றில் முதலில் தண்ணீர் மட்டத்தைக் குறைத்துப் பாருங்க, பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

அடி வாஷர் என்றால்

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். முதலில் பட்டன் மாட்டிக்கொண்டு அமுங்கியே இருக்கிறதா என்று பாருங்க. சில சமயம் அது மட்டும்தான் பிரச்சினை. இல்லை என்றால் ஆங்கிள் காக்கை மூட வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பல வருஷமாகத் தொடாத ஆங்கிள் காக் உப்பு ஏறி இறுகியிருக்கும். குறடு போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் தலை கையோடு வந்துவிடும். அப்புறம் வீடெல்லாம் தண்ணீர், மொட்டை மாடிக்கு ஓட்டம். கையால் லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பாருங்க. அசையவில்லை என்றால் விட்டுவிட்டு, மாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள வால்வை மூடுங்க. பொது டேங்க் என்றால் மற்ற வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்க. ஏற்கெனவே தண்ணீர்ச் சண்டை நடக்கிற இடத்தில் இது ரொம்ப முக்கியம்.

ஃப்ளஷ் பண்ணி டேங்கைக் காலி செய்யுங்க. பட்டன் மாடலில், நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் பூட்டு விடுபட்டு மேலே வந்துவிடும். திருப்பிப் பாருங்க, அடியில் மோதிரம் மாதிரி ரப்பர் வாஷர். விரலால் தடவினாலே தெரியும்: ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும், விறைத்துப் போயிருக்கும், இல்லை மணல் ஒட்டியிருக்கும். அது உட்காருகிற இடத்தையும் டேங்கின் அடியில் துணியால் சுத்தமாகத் துடையுங்க. அங்கே ஒரு மணல் இருந்தாலும் புது வாஷரும் ஒழுகும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. வாஷரைக் கழுவித் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது! தட்டையான வாஷரில் இந்த வித்தை சில நாள் தாங்கும், நிரந்தரம் கிடையாது. திங்கட்கிழமை பழைய வாஷரைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். வாயால் சொல்லி வாங்காதீங்க. பார்க்க ஒன்று போலவே இருக்கும், அளவு ஒரு நூல் மாறினாலும் பொருந்தாது. டேங்கின் மேல் கம்பெனிப் பெயர் இருந்தால் போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்க. வாஷர் விலை சில பத்து ரூபாய்தான்.

திரும்ப மாட்டும்போது பிளாஸ்டிக் மரைகளைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் கீறல் விழும். கனெக்ஷன் பைப்பைக் கழற்றி மாட்டியிருந்தால் அதன் முனையில் உள்ள ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்க. அது இருந்தால் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டியதில்லை. ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறந்து, இணைப்புகளில் காய்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்க, நனையக் கூடாது. கடைசியாக மறுபடியும் சொட்டு நீலம், மறுபடியும் அரை மணி.

வாடகை வீட்டில் யார் செலவு?

எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, கழிப்பறைப் பழுது, வாஷ்பேசின் பழுது எல்லாம் வாடகைதாரர் பக்கம். தேவைப்படும்போது பைப் லைனை மாற்றுவது, கட்டடத்தின் அமைப்புச் சார்ந்த பழுது, சுண்ணாம்பு அடிப்பது ஆகியவை உரிமையாளர் பக்கம். வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் அதைப் பாருங்க. எனக்கு இது தெரியாமல் ஒரு வாஷருக்காக ஓனரிடம் மூணு தடவை போன் பண்ணினேன். ஆனால் டேங்கே விரிசல் விட்டிருந்தால், நீங்களே முடிவெடுக்காமல் ஓனரிடம் போட்டோ அனுப்பிப் பேசிக்கொள்வதுதான் நல்லது.

வீட்டுக்குள் ஒழுகுவது நம் வேலை. தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து ஓடினால் அது அரசின் வேலை. சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு 1916 என்ற எண்ணில் சொல்லலாம். மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகம். எங்கேயும் பதில் கிடைக்கவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மைய எண் 1100. புகாரைப் பதிந்ததும் கொடுக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க.

எங்கள் மொட்டை மாடி டேங்க் இப்போ பழையபடி சாயங்காலம் வரை தாங்குகிறது. மிச்சமிருந்த நீலத்தை எடுத்துக்கொண்டு போய், "உங்க வீட்லயும் ஒருதடவை பார்த்திடலாமா பாட்டி?" என்று கேட்டேன். "எங்க வீட்ல டேங்கே கிடையாதும்மா, பக்கெட்டும் சொம்பும்தான்" என்றார். பக்கத்து போர்ஷனில் விட்டுப் பார்த்தோம். அங்கேயும் லேசாக நீலம்.